சந்திரயான் இறங்கிய அன்று மாறிப்போன போன்

2023 ஆகஸ்ட் மாதம், சந்திரயான் நிலாவில் இறங்கிய புதன்கிழமை சாயங்காலம் நடந்தது இது. ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில், மேல்தோல் தைக்கும் பிரிவில் நான் வேலை பார்க்கிறேன். அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று யாரைக் கேட்டாலும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். நான் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

அந்த வருஷத்தை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமாக ஞாபகம் வைத்திருப்பார்கள். ஒடிசாவில் ரயில்கள் மோதிய வருஷம், நிலாவைத் தொட்ட வருஷம், உலகக் கோப்பையைக் கைக்கு எட்டிய தூரத்தில் விட்ட வருஷம். எனக்கு அது என் வீட்டுக்காரர் எத்தியோப்பியாவுக்குப் போன வருஷம். அவரும் ஷூ கம்பெனிக்காரர்தான். இங்கே ஆர்டர் கம்மியானதும், அங்கே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை என்று ஜனவரியில் கிளம்பினார். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. தெருவுக்கு ஒருத்தராவது அப்படிப் போயிருப்பார்கள். "கிறிஸ்துமஸுக்கு வந்துடுவேன்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. நாட்டில் பெரிதாக எது நடந்தாலும் உடனே போன் வந்துவிடும். ரயில் விபத்து நடந்தபோது, "நீங்க யாரும் ட்ரெயின்ல போவலல்ல?" என்று பதறிக்கொண்டு கேட்டார். "நாங்க காட்பாடிக்கே போவல, ஒடிசாவுக்கு எங்க போறது" என்று சொன்னேன். "இல்ல, சும்மா கேட்டேன்" என்றார். ஓட்டு, கிரிக்கெட், மழை, டெல்லி எல்லாம் பேசுவார். உன் ஞாபகமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வராது. குறை சொல்லிப் பயனில்லை, எனக்கும் வராது. பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்குப் போகிற வயதில் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வார்களா என்று ஒரு கூச்சம்.

ஆகஸ்டில் அவர் இருந்த பக்கம் ஏதோ கலவரம் என்று நெட்டை நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் போனே இல்லை. ஊசி ஒரு பக்கம் ஓடும், மனசு ஒரு பக்கம் ஓடும். தையல் கோணிப்போய் பிரிவு மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன். அந்தச் சமயத்தில்தான் அவரோடு வேலை செய்யும் வாணியம்பாடிக்காரர் ஒருவர் லீவில் வந்தார். "அண்ணன் நல்லாத்தான் இருக்கார்க்கா. புதன்கிழமை டீ பிரேக்குல ஆபீஸ் போன்லருந்து பேசறேன்னு சொல்லச் சொன்னார். உங்க ஷிப்ட் விட்டதும் கூப்பிடுவார். ஜாஸ்தி நேரம் விடமாட்டாங்க, சட்டுனு பேசிக்குங்க" என்றார்.

புதன்கிழமை முழுக்க நான் ஒரே கேள்வியை மனசுக்குள் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். நாட்டு நடப்பை அவர் ஆரம்பிப்பதற்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு வருகிறாரா இல்லையா என்று கேட்டுவிட வேண்டும்.

எங்கள் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். போனில் கீறல் விழக்கூடாது என்று, ஆர்டரில் கழித்துப்போட்ட தோல் துண்டைக் கேட்டு வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு சின்னப் பை தைத்துக்கொள்வோம். எந்த ஆர்டர் ஓடுகிறதோ அந்த நிறம்தான் எல்லார் பையும். அந்த மாதம் ஓடியது ஒரு வெளிர் பழுப்பு. கேட்டில் பார்த்தால் அடுக்கு முழுக்க அதே பழுப்புப் பைகள்தான். டோக்கன் நம்பரை வைத்துத்தான் எது யாருடையது என்று தெரியும்.

அன்றைக்கு அந்த நம்பரை யார் பார்த்தார்கள்? பெல் அடித்ததும் எல்லாரும் நிலாவைப் பார்க்க ஓடி வந்தார்கள். செக்யூரிட்டி அண்ணன் தன் போனில் கண்ணை வைத்துக்கொண்டு, எல்லாப் பையையும் மேஜைமேல் கொட்டிவிட்டார். "அவங்கவங்கது அவங்கவங்க எடுத்துக்குங்கம்மா" என்றார். ஓரத்தில் பிசிறு நூல் தொங்கிய ஒரு பையை, என்னுடையது என்று நினைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாதனூர் ரோட்டில் பஸ் திரும்பிய பிறகுதான் பையைத் திறந்தேன். உள்ளே இருந்தது வேறு யாருடைய போனோ. திரையில் மொட்டை போட்ட ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. என் போன் எந்த பஸ்ஸில், எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறதோ. இந்நேரம் அங்கே டீ பிரேக் வந்திருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் போனில்தான் அந்த வரிசையே நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. "கொஞ்சம் குடும்மா, என் நம்பருக்கு ஒரு போன் போட்டுக்கறேன்" என்று கேட்டேன்.

"இன்னாக்கா நீங்க, இந்த நேரத்துல. இறங்கப் போவுது, இருக்கா."

என் முகத்தைப் பார்த்தவள், போனைக் கையில் கொடுத்துவிட்டு, எழுந்து பின் சீட்டுக்காரியின் தோள்மேல் சாய்ந்து நிலாவைப் பார்த்தாள். என் நம்பரை அடித்தேன். வேறு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. மறுபடி அடித்தேன். அதேதான். அவர்தான் பேசுகிறார், என்னிடம் பேசவேண்டியதை முகம் தெரியாத யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து பஸ் முழுக்கக் கைதட்டல். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். யாரோ மிட்டாய் கொடுத்தார்கள். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. "அக்காவுக்கு சந்தோஷத்துல அழுகையே வந்துடுச்சு பாரு" என்று முன்சீட்டில் ஒருத்தி சொன்னாள். நாடே நிலாவுக்குப் போய்ச் சேர்ந்த சந்தோஷத்தில் இருக்கும்போது, என் புருஷன் குரல் எனக்கு வந்து சேரவில்லை என்று எப்படிச் சொல்வது?

ரொம்ப நேரம் கழித்துத்தான் என் நம்பருக்கு ரிங் போனது. ஒரு சின்னப் பெண் குரல் எடுத்தது. பேரணாம்பட்டு பஸ்ஸில் போகிறவள், பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறாளாம். முன்னே பின்னே பேசிப் பழக்கம் இல்லை.

"அக்கா, உங்க போனா இது? அண்ணன் இப்பதான் பேசி வச்சார். நீளமா வெளிநாட்டு நம்பரு வந்துச்சு. எங்க அண்ணனும் சவுதில இருக்கான், இந்த மாதிரி போன விட்டா திரும்ப கெடைக்காதுன்னு நானே எடுத்துட்டேன். தப்பா நெனச்சிக்காதீங்க."

"நல்லா இருக்காராம்மா?"

"நல்லா இருக்கார்க்கா. நிலால இறங்கறத அப்டியே சொல்லுமான்னார், சொன்னேன்."

"வேற என்னம்மா சொன்னார்?"

"மீதிய காலைல நேர்ல சொல்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. நேரில்தான் சொல்ல வேண்டும் என்றால் அது நல்ல சேதியாகவா இருக்கும்? மறுநாள் முதல் பஸ் வருவதற்குள் கேட்டில் போய் நின்றேன். எனக்கு முன்னாலேயே அவள் வந்து நின்றிருந்தாள். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. குழந்தை படம் போட்ட போனை அவளிடம் கொடுத்தேன். என் பையைக் கொடுத்தவள், கொடுத்த கையை எடுக்கவில்லை.

"அண்ணனால கிறிஸ்துமஸுக்கு வர முடியாதாம்க்கா. காண்ட்ராக்ட வெயில் காலம் வரைக்கும் நீட்டிட்டாங்களாம். அத சொல்லத்தான் போன் பண்ணார்."

"நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா."

"பஸ்ல அத்தினி பேர் கைதட்டறப்போ இத எப்டிக்கா கேப்பீங்க? அண்ணன்கிட்டயே சொல்லிட்டேன், போன்ல சொல்லமாட்டேன், அக்கா கையப் புடிச்சிக்கினுதான் சொல்லுவேன்னு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னொண்ணு. சொல்லலாமா கூடாதான்னு தெரியல. எங்க பஸ்லயும் எல்லாரும் கைதட்டுனாங்க. அந்த சத்தத்த கேட்டு அண்ணன் அழுதுட்டார்க்கா. கட் பண்ணாதம்மா, நம்ம ஊர் ஜனங்க பேசறத கொஞ்சம் கேட்டுக்கறேன்னார். அவங்க ஆபீஸ்ல போதும்னு சொல்ற வரைக்கும் நான் போன மேல தூக்கிப் புடிச்சிக்கினு இருந்தேன்."

சொந்த அப்பா செத்தபோதுகூட அழாமல், பந்தல்காரனிடம் நாற்காலி பத்தவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த மனுஷன் அவர். அந்த போன் என் கைக்கு வந்திருந்தால், "வேலை ஜாஸ்தி, பாக்கலாம்" என்று சொல்லியிருப்பார். நானும் சரி என்று வைத்திருப்பேன். எவ்வளவு காலம் ஆனாலும் அவர் அழுவார் என்று எனக்குத் தெரிந்தே இருக்காது. அவர் வரப்போவதில்லை என்ற வருத்தம் ஒரு பக்கம் இருக்க, அந்தக் குரலைக் கேட்டுவிட்ட அவள்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. பெல் அடிக்கும்வரை அவள் என் கையை விடவில்லை.

நவம்பரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தோற்றோம். அதற்குள் அங்கே நெட் வந்துவிட்டிருந்தது. எதிர்பார்த்தபடியே போன் வந்தது. "கடைசில இப்டி பேஜாராக்கிட்டாங்களே" என்று ஆரம்பித்தார். தெருவே சாவு விழுந்த மாதிரி இருந்தது.

"மேட்ச் கெடக்கட்டும்" என்றேன். "எனக்கு உங்க ஞாபகமாவே இருக்கு."

மேட்ச் பேச்சை விட்டுவிட்டு, "எனக்கும்தான்" என்றார். அவர் அழுதது எனக்குத் தெரியும் என்று இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

சொன்னபடி வெயில் காலத்தில் வந்தார். இரண்டு மாதம் இருந்துவிட்டு மறுபடி போய்விட்டார். இப்போதும் நாட்டில் ஏதாவது நடந்தால் போன் வருகிறது. சொல்ல வந்ததை முதலில் சொல்லுங்க, நாட்டை அப்புறம் பார்த்துக்கலாம் என்கிறேன். பேரணாம்பட்டுப் பெண், கல்யாணம் விசேஷம் என்று எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற உறவாகிவிட்டாள்.

இன்றைக்கும் ஊரே கைதட்டிக் கொண்டாடுகிற நேரத்தில் கூட்டத்தில் யாராவது ஒருத்தி கண்ணைத் துடைத்தால், அது சந்தோஷக் கண்ணீர்தான் என்று நான் முடிவு கட்டிவிடுவதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.