பாலத்துக்கு வடக்கே ஒரு கொம்யூன்

எண்பதுகளின் கடைசியில் ஹவுன்ஸ்லோவில் என் அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. ஒன்று எனக்கு. மற்றது தம்பிக்கு. அவன் டென்மார்க்கில் அகதி. மொழிப் பள்ளிக்கூடம் முடியும்வரை அந்த அரசாங்கம் விட்ட இடத்திலேயே இருக்கவேண்டும். முடிந்ததும் லண்டனுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். எனக்கு லண்டனில் இன்னும் விசா கிடைக்கவில்லை. போய்ப் பார்க்க முடியாது.

விமான நிலையத்தில் கூட்டித் துடைக்கும் வேலை எனக்கு. யாரோ எறிந்துவிட்டுப் போன டென்மார்க் வரைபடம் ஒன்று குப்பைத் தொட்டியில் கிடைத்தது. தம்பியின் கட்டிலில் ஏறி நின்று சுவரில் உயரத்தில் ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி போனில் விளக்குவான்.

"அம்ட் எண்டா எங்கட மாவட்டக் கச்சேரி மாதிரி அண்ணை. கொம்யூன் எண்டா அதுக்குள்ள இருக்கிற சின்ன ஏ.ஜி.ஏ. பிரிவு. வீடு, பள்ளிக்கூடம், கைக்காசு எல்லாம் கொம்யூன். ஆஸ்பத்திரி மட்டும் அம்ட்."

"உனக்கு வருத்தம் வந்தா?"

"பாலம் தாண்டிப் போகவேணும். அதுவரைக்கும் சாகக்கூடாது."

அவனுடையது ரிங்கேபிங் அம்ட். அதில் பதினெட்டு கொம்யூன்கள். தம்பி இருந்த தூஹொல்ம் மட்டும் நீரேரிக்கு வடக்கே, ஒரு பாலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் வடக்கே வேறு அம்ட். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் துடைப்பத்தைத் தள்ளிக்கொண்டே பதினெட்டுப் பெயரையும் ஒப்பிப்பேன். கேட்க யாரும் இல்லை. நான் இருந்த ஹவுன்ஸ்லோவின் எல்லை எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் முடிந்த வாரம் தம்பி போன் எடுத்தான்.

"அண்ணை, மீன் பாக்டரியில வேலை கிடைச்சிட்டுது. கொம்யூன் மாறுறன். தூபொரூனுக்கு."

"அப்ப லண்டன்?"



"படத்தைப் பாருங்கோ அண்ணை. மேற்குக் கடற்கரை. முந்தியைவிட உங்களுக்குக் கிட்ட வாறன்." சிரித்தான்.

"ஓம், கிட்டத்தான்" என்றேன்.

கட்டிலில் ஏறிப் பார்த்தேன். உண்மைதான், ஒரு விரல் அகலம் கிட்டே வந்திருந்தான். அங்கே போக அவன் பாலத்தால் தெற்கே இறங்கி, இரண்டு கொம்யூன்களைச் சுற்ற வேண்டும். அங்கிருந்து என் பக்கம் வர கடலின் நீலத்தாள் மட்டும்தான். அதில் எந்தப் பெயரும் இல்லை.

அடுத்த வாரம் அந்தக் கட்டிலைக் கழற்றி வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். படத்தைக் கழற்றவில்லை. தரையில் நின்று பார்த்தால் எழுத்துத் தெரியாது. எனக்கு அது தேவையும் இல்லை.