ஒரு மீற்றர் எழுபத்திரண்டு

போன மாதம் அம்மாவும் நானும் கடவுச்சீட்டுப் புதுப்பிக்கப் போனோம். சுவிஸ் கடவுச்சீட்டில் உயரமும் போடுவார்கள். அதற்காக யாரும் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் பெண் கேட்பாள், நாங்கள் சொல்வதைத் தட்டிக்கொள்வாள். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் நூற்று அறுபத்தேழு என்றார். நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரில் தொங்கிய மலைப் படத்தைப் பார்த்தார். என் முறை வந்ததும் நூற்று எழுபத்தெட்டு என்று, பின்னால் கதிரைகளில் காத்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். எனக்கு அது பதின்மூன்று வயதில் தொடங்கிய பழக்கம்.

அப்போது நாங்கள் ஓல்டனில் இருந்தோம். அம்மாவின் தம்பியான என் மாமா, நாங்கள் விட்டுவந்த ஊரின் பெயரில் நடந்த விளையாட்டுக் கழகம் ஒன்றின் செயலாளர். சிறுவர் உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்சியாளரும் அவர்தான், பந்துகளுக்குக் காற்றடிப்பவரும் அவர்தான். அந்த அணியில் பத்துப் பெடியன்களும் நானும் இருந்தோம். பெண்பிள்ளையைப் பந்தடிக்க விடலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது உண்மை. எழுந்த வேகத்திலேயே அது அடங்கியும் போனது. கோல் கம்பத்தின் மேல் சட்டத்தைத் தொடுவதற்கு அணியில் வேறு யாருக்கும் கை எட்டவில்லை.

பள்ளிக்கூடத்தில் என்னைக் கடைசி வாங்கில் இருத்தியிருந்தார்கள். குழுப் படம் எடுத்தால் பின்வரிசையில் ஆசிரியருக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். கோயிலுக்குப் போனால் யாராவது ஒரு மாமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மாவிடம், என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்பார். என் உயரம் எனக்கு உதவிய ஒரே இடம் அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவில்தான். அங்கே மட்டும் நான் அளவுக்கு மிஞ்சியவள் இல்லை. அந்த வசந்தத்தில் பள்ளி வைத்தியர் அளந்து ஒரு மீற்றர் எழுபத்திரண்டு என்று எழுதிக் கொடுத்த அட்டையைச் சப்பாத்துப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஒவ்வொரு கோடையிலும் கழகங்கள் எல்லாம் கூடி ஒருநாள் சுற்றுப்போட்டி நடத்தும். அதற்கு ஒரு மலர் அச்சடிப்பார்கள். நகைக்கடை, பயண முகவர், சாரதிப் பயிற்சி விளம்பரங்களுக்கு நடுவே ஒவ்வொரு அணியின் படமும், படத்தின் கீழே ஒவ்வொருவரின் வயதும் உயரமும் நிறையும் இருக்கும். எங்கள் அணிக்கு அந்த விபரங்களை மாமா எங்கள் குசினி மேசையில் இருந்துதான் எழுதினார். மாமாவுக்குப் பொதிகள் அனுப்பும் களஞ்சியத்தில் வேலை. அங்கே ஒரு பொதியின் நிறை கொஞ்சம் பிழைத்தாலும் பொதிகளை நகர்த்தும் பட்டி நின்றுவிடும் என்று பெருமையாகச் சொல்வார். எங்கள் குசினியில் அந்த மாதிரிப் பட்டி எதுவும் இல்லாதபடியால் அவருடைய கை தாராளமாக ஓடியது. எங்கள் இடதுபக்கப் பின்காவலன் எலும்பும் தோலுமாக இருப்பான். அவன் ஐம்பத்தெட்டுக் கிலோ ஆனான். என் காதுக்குக்கூட எட்டாத ஒருவன் ஒரு மீற்றர் அறுபத்தைந்து ஆனான். எதிரணி மலரைப் படித்தே பாதி தோற்றுவிட வேண்டும் என்பது மாமாவின் எண்ணம். மற்றக் கழகங்களின் மாமாமாரும் அதையேதான் செய்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் ஒருவரும் நிறுத்தவில்லை.

போட்டிக்கு முதல்நாள் மலர் வீட்டுக்கு வந்தது. பத்துப் பெடியன்களும் வளர்ந்திருந்தார்கள். நான் மட்டும் ஒரு மீற்றர் அறுபது.

அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். மாமாவிடம் காட்டினேன். அவர் அம்மாவைப் பார்த்தார்.

"நான்தான் குறைச்சுப் போடச் சொன்னனான்," என்றார் அம்மா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "உது லோசானிலயிருந்து அட்லிஸ்வில் வரைக்கும் எல்லா வீட்டு மேசையிலயும் கிடக்கும். நாளைக்கு உனக்கொரு கலியாணம் பேசேக்க ஆரும் தூக்கிக்கொண்டு வருவினம்."

எனக்கு வயது பதின்மூன்று. கலியாணம் என்றால் பலகாரம் சாப்பிடும் இடம் என்பதற்கு மேல் எனக்கு அதில் அக்கறை இல்லை. என்னிடமிருந்து பன்னிரண்டு சென்ரிமீற்றரைக் களவெடுத்துவிட்டார்கள் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது. பெடியன்களுக்குக் கூட்டலாம், எனக்குக் கழிப்பதா? கத்தினேன். கதவை அடித்துச் சாத்தினேன். திறந்து வந்து மறுபடியும் கத்தினேன். அப்பா எனக்காக ஒரு வார்த்தை கதைப்பார் என்று எதிர்பார்த்தேன். உயரத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அப்பாவுக்கு வழமையாகவே தண்ணீர் விடாய்க்கும். அன்றைக்கும் எழுந்து போய்க் குழாயைத் திறந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் கலியாணப் படம் தொங்கியது. அதில் அம்மா கதிரையில் இருப்பார், அப்பா பக்கத்தில் நிற்பார். அல்பத்தில் உள்ள மற்றப் படங்களும் அப்படித்தான். அந்தக் காலத்துப் படப்பிடிப்பாளர்களுக்குக் கதிரை என்றால் நல்ல விருப்பம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மறுநாள் மைதானத்தில் வரிசையாக நின்றோம். அறிவிப்பாளர் மலரைப் பார்த்து ஒலிபெருக்கியில் ஒவ்வொருவராக வாசித்தார். பெடியன்கள் தங்கள் இலக்கம் வந்தபோது நுனிக்காலில் எழும்பினார்கள். கடைசியில் கோல்காப்பாளர், ஒரு மீற்றர் அறுபது என்று என் முறை வந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற அறுபத்தைந்து என் தோளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது. சனம் சிரித்தது.

வரிசையை விட்டு நேரே அறிவிப்பாளரின் மேசைக்குப் போனேன். பிழையாக வாசித்துவிட்டீர்கள், எழுபத்திரண்டு, திருத்தி வாசியுங்கள் என்றேன். புத்தகத்தில் உள்ளதைத்தான் வாசிக்கலாம் என்றார் அவர். அப்படியென்றால் இங்கேயே அளந்து பாருங்கள் என்றேன். நீளம் பாய்தல் நடந்த இடத்தில் அளவுநாடா கிடந்தது. அளவுநாடா என்ற சொல் கேட்டதும் மாமா ஓடிவந்தார்.

"பிள்ளை, விசரே உனக்கு? உன்னை அளந்தா மற்றவங்களையும் அளக்கச் சொல்லுவாங்கள்!"

அவருக்குப் பின்னாலேயே எதிரணி மனேஜரும் வந்து, வேண்டாம் தங்கச்சி, விடுங்கோ என்று கெஞ்சினார். அவருடைய அணியில் ஒரு மீற்றர் எண்பது என்று அச்சடிக்கப்பட்டிருந்தவன் தன் தண்ணீர்ப் போத்தலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான். அந்த இரு கழகங்களும் ஒரே பக்கம் நின்றதை அன்றைக்குத்தான் முதல்முறை கண்டேன். நான் மசியவில்லை. அளக்காவிட்டால் கோலுக்குள் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கோல் கோட்டின் மேல் சம்மணம் கட்டி இருந்தேன். நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். வேறு கோல்காப்பாளர் எங்களிடம் இல்லை. இன்னும் ஐந்து நிமிடத்தில் அணி தயாராகாவிட்டால் விளையாடாமலே தோற்றதாக எழுதிவிடுவேன் என்றார்.

சிற்றுண்டிக் கூடாரத்தில் ரோல்ஸ் சுருட்டிக்கொண்டிருந்த அம்மா கையெல்லாம் மாவோடு வந்தார். நடையைப் பார்த்தபோது அடி நிச்சயம் என்று தெரிந்தது. கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். வரும் வழியில், மடக்குக் கதிரைகளில் இருந்த பெண்களில் ஒருவர் மற்றவருக்குச் சொன்னது எனக்கும் கேட்டது, அம்மாவுக்கும் கேட்டது.

"உந்தப் பனைக்கு எங்கையிருந்து மாப்பிளை பிடிக்கப்போயினம்?"

அம்மா நின்றார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய் அளவுநாடாவையும் மேசையில் கிடந்த மலர் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"எழும்பு. கம்பத்தோட நிமிர்ந்து நில்."

நின்றேன். மலரை என் தலைமேல் தட்டையாக வைத்துக் கம்பத்தோடு அழுத்திப் பிடித்தார். அதற்காக அம்மாவும் நிமிர வேண்டியிருந்தது. அப்போது ஒன்றைக் கண்டேன். அம்மாவின் கண்கள் என் கண்களுக்கு இரண்டு விரல் மேலே இருந்தன. வீட்டில் அவை எப்போதும் கீழேதான் இருக்கும். அம்மா பெருவிரலால் கம்பத்தில் மாவுத் தடம் ஒன்று வைத்தார், என்னை விலகச் சொன்னார், புல்லிலிருந்து நாடாவை இழுத்தார்.

"ஒண்டு எழுபத்திரண்டு," என்று சத்தமாகச் சொன்னார். "தம்பி, அப்பிடியே வாசியுங்கோ."

அறிவிப்பாளர் வாசித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. மற்றவர்களை அளக்கச் சொல்லி யாரும் வாய் திறக்கவில்லை, எல்லாருக்கும் மடியில் கனம் இருந்தது. அந்த ஆட்டத்தில் இரண்டு கோலால் தோற்றோம். இரண்டு பந்தும் என் கால்களுக்கு நடுவால் போயின. அதற்கும் உயரத்துக்கும் சம்பந்தமில்லை என்று இன்றைக்கும் வாதாடுவேன்.

ஆனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன் எனக்கு வெற்றி தலைக்கேறியிருந்தது. நாடா இன்னும் அம்மாவின் கையில் இருந்தது.

"அம்மா, உங்களையும் அளப்பமோ?"

அம்மா கூடாரத்தின் பக்கம் பார்த்தார். அங்கே அப்பா தேநீர்க் கேத்தலுக்குப் பக்கத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் தண்ணீர்க் குவளை இருந்தது.

"எனக்கு வேலை கிடக்கு," என்று அம்மா நாடாவைச் சுருட்டினார். கூடாரத்தை நோக்கி நடக்க நடக்க அவருடைய தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றபோது இருவர் தலையும் சரியாக ஒரே மட்டத்தில் இருந்தன.

அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஆட்களைக் கட்டிலில் இருந்து தூக்கித் தூக்கி முதுகு நோகிறது, அதுதான் இப்படிக் குனிந்து நிற்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றியது. என் உயரத்துக்காக அம்மா எல்லார் முன்னாலும் வந்து நின்றாரே, அவருக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்றிருந்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் நோவெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போய், முதுகைக் காட்டுங்கோ அம்மா என்றேன். அம்மா கட்டிலில் குப்புறப் படுத்தார். உள்ளங்கை எரிய எரிய நெடுநேரம் தேய்த்துவிட்டேன்.