எதிர் மூலையில் நின்றவர்

கன்னத்தில் ஒட்டிய கல்லின் குளிர்ச்சியும், மூக்கில் ஏறிய வௌவால் எச்சத்தின் வாடையும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. உத்தமபாளையத்தில் ஆற்றங்கரைக் கல்மண்டபத்தின் ஒரு மூலையில், சுவரோடு காதை ஒட்டவைத்து நின்றிருந்தேன். குறுக்கே எதிர் மூலையில், என் அத்தையைப் பெண் கேட்டு வந்தவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரிடம் ஏதோ முணுமுணுத்தார். அது என் காதில் விழுந்தால்தான் அத்தைக்குக் கல்யாணம்.

அவரை எங்கள் தெருவில் "கப்பக்காரர்" என்பார்கள். லோயர் கேம்ப் பக்கத்து ஆள், கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். இத்தாலியில் கப்பல் பழுதாகி நின்ற சமயம் ரயிலேறிப் போலோன்யா என்ற ஊருக்குப் போய், அதன் பெரிய சதுக்கத்தைப் பார்த்த கதையைப் பெண் பார்க்க வந்த அன்று வாய் ஓயாமல் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்ற அத்தைக்குக் கேட்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் முன்னால் உட்கார்ந்து கேட்டவர் என் அப்பா. தேங்காயைக்கூடக் காதருகே ஆட்டிப் பார்க்காமல் பையில் போடாதவர்.

சதுக்கத்தில் இருக்கும் பெரிய தேவாலயத்தின் முகப்பு, கீழ்ப்பாதி பளிங்கு, மேலே வெறும் செங்கல், பல நூறு வருஷமாக அப்படியே நிற்கிறது என்றார்.

"ஏன், கொத்தனாரு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாராக்கும்?" என்றார் அப்பா.

சூலம் ஏந்திய கடல் தெய்வத்தின் சிலையோடு ஒரு நீரூற்று இருக்கிறது, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அதை வலமாக அல்ல, இடமாக இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள் என்றார்.

"எடமாவா? அது எழவு வீட்டுலல்ல சுத்துவாக!"

கடைசியாகச் சொன்னதுதான் வினையானது. சதுக்கத்து ஓரத்தில் பழைய மாளிகையின் கீழே ஒரு மண்டபமாம். அதன் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து ரகசியம் பேசினால் குறுக்கு மூலையில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்குமாம்.

"மண்டபம் இங்கனயும்தான் இருக்கு. வாங்க, பேசிக் காட்டுங்க," என்று அப்பா எழுந்துவிட்டார்.

"எல்லா மண்டபமும் அப்பிடிப் பேசாது மச்சான்," என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சின்னப் பிள்ளைக்குத்தான் காது கூர்மை என்று என்னை நிறுத்தினார்கள்.

"ஒண்ணுமே கேக்கலப்பா," என்றேன். உண்மைதான். ஆற்றுத் தண்ணீரின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது.

"கொச்சியில ஏதாச்சும் ஓட்டல்ல எலை எடுத்துருப்பான். கப்பலாம் கப்பலு!" என்றார் அப்பா, அவர் காதுபடவே.

பேச்சு அதோடு முறிந்தது. பிறகு வந்த எந்த மாப்பிள்ளைக்கும் அத்தை சம்மதிக்கவில்லை. இன்று காமயகவுண்டன்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிறார்.

போன மாதம், அதே போலோன்யாவில் படிக்கும் என் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். ஒரு மண்டப மூலையில் சுவரைப் பார்த்து நிற்கிறாள். சுவருக்குள்ளிருந்து வருவதுபோல் ஓர் ஆண்குரல், மலையாள வாடையோடு, "ஆன்ட்டி, சாப்பிட்டோ?" என்கிறது. கூடப் படிக்கிற பையனாம், எதிர் மூலையில் நிற்கிறானாம்.

அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார்.

"கூரையப் பாருடி. கவுத்த சட்டி மாதிரி வளைஞ்சிருக்கு. சத்தம் அதுல ஏறி எறங்குது. நம்ம மண்டபத்துக்குத் தட்டக் கூரை."

"அப்ப அவுக சொன்னது..."

"நெசம்னு எனக்கு அன்னைக்கே தெரியும். என்னைய யாரு கேட்டாக?"

அப்பா இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது மண்டபமும் போய்விட்டது. லோயர் கேம்பில் விசாரித்தேன். கப்பக்காரரை நினைவு வைத்திருப்பவர் யாருமில்லை. அன்று சுவரிடம் அவர் என்ன சொன்னார் என்பது இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அப்பாவின் சந்தேகம் மட்டும் தேயாமல் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. "அந்த மூலையில் நிற்பது யார்? வீடு எங்கே? சொன்னதெல்லாம் உண்மைதானா?" என்று வீடியோ வந்த அன்றே மகளுக்கு எழுதிவைத்தேன். இன்னும் அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.