இரண்டு மணிக் கோடு

ஏணியின் கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைத்ததும் அவர் செய்யும் முதல் வேலை, தோள்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, கிரேனின் காலடியில் கவிழ்ப்பதுதான். இரண்டு லிட்டர். காலையில் மனைவி நிரப்பிக் கொடுத்ததில் ஒரு வாய், மிஞ்சிப்போனால் இரண்டு வாய் குறைந்திருக்கும். கடகடவென்று அது காலியாகும்வரை அக்கம்பக்கம் ஒரு கண் வைத்துக்கொள்வார். பிறகு, நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தவரைப் போல வாயைத் துடைத்துக்கொண்டு பேருந்தைப் பிடிக்க நடப்பார். பதினோரு வருடம் இது ஒரு நாள் தவறாமல் நடந்தது.

அவர் கட்டட வேலையில் கோபுரக் கிரேன் ஓட்டியவர். வானத்தில் தொங்கும் ஒரு கண்ணாடிக் கூண்டுதான் அவருடைய அலுவலகம். போய்ச் சேர நானூற்றுச் சொச்சம் ஏணிப்படி. ஏற இருபது நிமிடம், இறங்கப் பதினைந்து. நடுவில் ஒன்றுக்குப் போக இறங்கினால், கீழே நாற்பது பேர் கம்பியும் கலவையுமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மற்ற கிரேன்காரர்கள் இந்த அவசரத்துக்கென்று ஒரு பழைய பாட்டிலை மேலேயே வைத்திருப்பார்கள். இவருக்கு மட்டும் அது ஒப்பவில்லை. "சுத்தியும் கண்ணாடி. நாலு பக்கமும் ஊரே தெரியுது. அதுல நின்னுக்கிட்டு... சீ, மனுசன் செய்யுற காரியமா அது?" என்பார். அந்த உயரத்தில் காக்கைகூட அவரைத் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. இருந்தாலும் வெட்கம் வெட்கம்தான். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். குடித்தால்தானே வரும்?

கீழே நின்று வயர்லெஸ்ஸில் அவருக்கு வழி சொல்லும் சிக்னல்காரர்தான் 'ஒட்டகம்' என்ற பட்டப்பெயரை வைத்தது. "ஒட்டகத்தண்ணே, இன்னும் ரெண்டடி எறக்குங்க. போதும், போதும், அப்படியே நிறுத்துங்க!" வேறு யாருக்காவது அப்படிப் பெயர் வைத்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள். இவருக்கு அது பதக்கம் குத்தியது மாதிரி. கண்ணாடி கொதிக்கும் கோடை நடுப்பகலில்கூட அசைய மாட்டேன், அது என் உடம்பு வாகு என்று பெருமை பேசுவார்.

வாகெல்லாம் ஒன்றுமில்லை. கூண்டில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே குனிந்து, பாதத்துக்கடியில் தெரியும் தரையையே எட்டு மணி நேரம் பார்க்கிற வேலை அது. முதுகு விட்டுப்போகும். தெருமுனை மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் வலி மாத்திரையை அவர் 'முதுகு மாத்திரை' என்பார். காலையில் ஒன்று, நடுப்பகலில் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. அதற்கும் தண்ணீர் கிடையாது. "எச்சில்லயே முழுங்கிடுவேன். பழகிப்போச்சு," என்று சிக்னல்காரரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மனைவிக்கு ஒரு சலவை நிலையத்தில் விடுதிப் படுக்கைவிரிப்புகளை இஸ்திரி போடும் வேலை. நாள் முழுக்க அனலில் நிற்பவளுக்குத் தண்ணீரின் அருமை தெரியும். தன்னுடைய சிவப்பு நகப்பூச்சை எடுத்து அந்தப் பாட்டிலில் மூன்று கோடு போட்டாள். மேலே இருப்பது பத்து மணிக் கோடு, நடுவில் பன்னிரண்டு, அடியில் அரை லிட்டர் மிச்சம் இருக்கும் இடத்தில் இரண்டு மணிக் கோடு. அந்தந்த நேரத்துக்குத் தண்ணீர் அந்தந்தக் கோட்டுக்கு இறங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். சாயங்காலம் அவர் வந்ததும் பாட்டிலை வாங்கி விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள். "அடேயப்பா, சொட்டு மிச்சமில்ல! சமத்து," என்பாள். ஐம்பது வயதில் அந்தப் பாராட்டைக் கேட்க அவருக்குக் கூச்சமாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். அதை இழக்க மனம் வராமல்தான் மறுநாளும் கொட்டினார்.

உடம்பு சொல்லிப் பார்த்தது. சிறுநீர் நுரைத்தது, கழிப்பறை கழுவும் தூளால் என்று நினைத்துக்கொண்டார். சாயங்காலம் காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் பள்ளம் விழுந்து கிடந்தது. ஷூ சின்னதாகிவிட்டது என்று ஒரு அளவு பெரிதாக வாங்கினார். கம்பெனிப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் எகிறியிருந்ததால், மனைவி அவரை விடாப்பிடியாக ஒரு பெண் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ரத்தத்தில் சிறுநீரகக் கணக்கு கொஞ்சம் இடிக்கிறதே என்றார் மருத்துவர். "தண்ணி ஒழுங்கா குடிக்கிறீங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "அதெல்லாம் சொல்லவே வேணாம் டாக்டரம்மா. தெனமும் ரெண்டு லிட்டர். நானே ரொப்பிக் குடுத்து, நானே திருப்பிப் பாக்குறேன். சொட்டு மிச்சம் வைக்க மாட்டாரு."

மருத்துவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத முகம். அதை நம்பிக் குறித்துக்கொண்டார். வலி மாத்திரை? "எப்பவாச்சும் ஒண்ணு," என்றார் இவர். அழுத்தத்துக்கு மாத்திரை எழுதி, மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொல்லி அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் மேல்மாடிகளுக்குக் கான்கிரீட் போடும் வேலை மும்முரமாக இருந்தது. அவர் போகவில்லை.

அடுத்த வருடம் ஒரு காலையில் பாதி ஏணியில் மூச்சு நின்றுபோனது போல ஆயிற்று. கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அங்கேயே நின்றார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. சிக்னல்காரர் ஏறிவந்து, ஒவ்வொரு படியாக அவர் காலைப் பிடித்து வைத்து இறக்கினார். அதன் பிறகு அவர் ஏறவே இல்லை.

இப்போது வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையில், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு நாலு மணி நேரம். மற்ற நாளெல்லாம் வீட்டு ஜன்னலோர நாற்காலி. எழுந்து நின்றால் கட்டடங்களுக்கு மேலே கிரேனின் கை நுனி தெரியும். வேறு யாரோ ஓட்டுகிறார்கள். கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் "மெதுவா, மெதுவா," என்று இங்கிருந்தே முணுமுணுப்பார். உடம்பில் சேரும் நீரை வெளியே தள்ள இப்போது சிறுநீரகம் வேலை செய்யவில்லை. ஆகவே காலை டீயைத் தவிர ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான், அதற்கு மேல் ஒரு வாயும் கூடாது என்பது உத்தரவு. அதே பாட்டில்தான். மனைவி இரண்டு மணிக் கோடுவரை நிரப்பி மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். ஒட்டகம் என்று பெயர் வாங்கியவருக்கு அப்படியொரு தாகம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார்.

தாகத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டார். மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்கும் ஒரு கேள்வியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "இவ்வளவு தண்ணி குடிச்ச மனுசனுக்கு எப்படிங்க இந்த நோவு வரும்?" செவிலியரிடம் கேட்பாள், மருந்துக்கடையில் கேட்பாள். நான் சமைப்பதில்தான் ஏதோ தப்பு என்று சொல்லிச் சொல்லி உப்பையே வீட்டிலிருந்து ஒழித்துவிட்டாள். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வாயெடுப்பார். வராது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிக்னல்காரர் பார்க்க வந்தார். நோயாளியைச் சிரிக்க வைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வாயைக் கொடுத்தார்.

"அண்ணி, ஒரு சேதி தெரியுமா? கிரேன் காலடியில அண்ணன் ஒரு தக்காளிச் செடி வளத்தாரு. யாரோ சாப்புடுறப்ப துப்புன விதை. தெனமும் ரெண்டு லிட்டர் தண்ணின்னா சும்மாவா? என் இடுப்பு உயரம்! இவரு வராமப் போனதும் காஞ்சே போச்சு."

"எந்தத் தண்ணி?" என்றாள்.

"நீங்க குடுத்தனுப்புற..." என்று ஆரம்பித்தவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. வந்தவர் இல்லாத வேலையொன்றைச் சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

அவர் போனதும் மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அந்த டாக்டரம்மா என் மூஞ்சியப் பாத்துதான் நம்புனாங்க," என்றாள் மனைவி.

"ஆமா."

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா ஏதாவது பண்ணியிருப்பாங்க."

"ஆமா." தலையைத் தூக்காமல் இன்னொன்றையும் சொன்னார். "முதுகு மாத்திரையும் தெனம் மூணு போட்டேன். அதையும் சொல்லிடுறேன்."

அவள் அழவில்லை. உள்ளே போய்ப் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு வந்து மேசைமேல் ணங்கென்று வைத்தாள். "இந்தாங்க. குடிங்க. எல்லாத்தையும் குடிங்க. நான் பாக்க ஒரே ஒரு தடவை குடிச்சிக் காட்டுங்க!" என்றாள். குரல் உடைந்துபோய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாட்டிலின் வெளிப்புறத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்து, ஊசிக் கட்டுப் போடாத கையால் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்குப் போனார்.

"ஏ, இங்க பாரு," என்றார்.

அவள் திரும்பும்வரை காத்திருந்தார். பிறகு, அவள் கண் முன்னால், ஒரு நூல் கனத்துக்குத் தண்ணீரைக் கீழே ஊற்றினார். பத்து மணிக் கோடு இறங்கியது, பன்னிரண்டு மணிக் கோடு இறங்கியது. இரண்டு மணிக் கோட்டில் பாட்டிலை நிமிர்த்தி மூடியைத் திருகினார். இரண்டு கையாலும் அதை வாசல் விளக்குக்கு நேராகத் தூக்கி, அவள் வந்து பார்க்கட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.