மாதாவின் காலடியில் ஓடிய கடல்

உர்சுலா வேலை பார்த்த இடத்துக்குத் தொழிற்சாலையில் வைத்திருந்த பெயர் அடுப்பறை. அங்கே வேகவைத்தது எலெக்ட்ரானிக் பலகைகளை. இரும்பு அலமாரிக்குள் அவற்றை அடுக்கி, மின்சாரம் கொடுத்து, சூட்டை ஏற்றி விட்டுவிடுவார்கள். பலவீனமானது உள்ளேயே செத்துப்போகும், பிழைத்தது கப்பலேறும். பதினோரு வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவள் உர்சுலா.

ஷிப்டு முடிந்து, ஏர்கண்டிஷன் கட்டடத்தைவிட்டு வெளியே கால் வைத்ததும் அவளுடைய மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். அவள் துடைக்க மாட்டாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் அப்படியே நடப்பாள். "கட்டடமெல்லாம் கரைஞ்சு அலை மாதிரி ஆடும் அண்ணே. கொஞ்ச நேரத்துக்கு ஊரே கடலா இருக்கும்" என்று என்னிடம் சொல்வாள். அந்தக் கடலை யாருக்காவது காட்ட வேண்டும் என்று அவளுக்கு வெகுகாலமாக ஆசை.

கிளமெண்டியில் அவளும் அவளுடைய அக்கா பிரிஜட்டும் இருந்த வீட்டில் ஓர் அறை எனக்கு வாடகைக்குக் கிடைத்திருந்தது. எண்பத்தாறாம் வருடம். எங்கே பார்த்தாலும் ஆட்குறைப்பு. வேலை அனுமதியைப் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்ற பயத்தில் நான் தபால் பெட்டியைத் திறக்கவே தயங்கிய காலம் அது. அந்த நேரத்தில்தான் அடுப்பறையை வருடக் கடைசியில் மூடப்போவதாக உர்சுலாவின் தொழிற்சாலையில் அறிவித்தார்கள்.

பஃபலோ ரோட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த சாகுல் ஹமீது அவளுக்கு ஒரு வழி சொன்னார். ஹலீமா என்ற அம்மாள் விளம்பரங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரையும் கம்பெனி ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். ஓர் ஆள் தேவை. சான்றிதழ் கேட்கவில்லை. தானே செய்த அரை நிமிட அசையும் படத்தை நவம்பர் தொடக்கத்தில் கொண்டுவந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

"கடலைச் செய்யப்போறேன்" என்றாள் உர்சுலா.

அவளிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. சிம் லிம் டவரில் பழையதாக வாங்கியது. அலையின் ஒவ்வொரு புள்ளியையும் அது கணக்குப் போட்டுத்தான் வரையும். ஒரு படம் முடிவதற்குள் பிரிஜட் அக்கா சோறு வடித்து, குழம்பும் வைத்துவிடுவார். அரை நிமிடத்துக்கு அப்படி நூற்றுக்கணக்கான படங்கள் வேண்டும். இரவும் பகலும் ஓடினாலும் கிறிஸ்மஸ் ஆகிவிடும்.

அதனால் அவள் இயந்திரத்தின் நாடித்துடிப்பை மாற்றினாள். கம்ப்யூட்டருக்குள் கிறிஸ்டல் என்று ஒரு சின்னத் தகர டப்பி இருக்கிறது, புளியங்கொட்டை அளவுதான். அதன் துடிப்புக்குத் தாளம் தப்பாமல்தான் கணக்குப் போடும் பெரிய சில்லு வேலை செய்கிறது. கிறிஸ்டலைக் கழற்றிவிட்டு, வேகமாகத் துடிக்கும் இன்னொன்றை வைத்தால் சில்லும் வேகமாக ஓடும். ஆனால் சூடாகும். உர்சுலா சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் உடைந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கி, அதிலிருந்த அலுமினியத் தகடுகளை அறுத்து, சூட்டை இழுக்கச் சில்லின் முதுகில் ஒட்டினாள். பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்து, மேஜை விசிறியை நேராக உள்ளே திருப்பிவிட்டாள்.

"வெடிச்சிடாதே?" என்று கேட்டேன்.

"அண்ணே, இது கம்ப்யூட்டர் லா, குக்கர் இல்ல. தாங்கலைன்னா நின்னுடும், அவ்வளவுதான்."

ஆறு மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததை எட்டுக்கு ஏற்றினாள். ஓடியது. பத்துக்கு ஏற்றினாள். திரை உறைந்துபோனது. ஒன்பதுக்கு இறங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நிற்காமல் ஓடியது. அடுப்பறைக்காரிக்கு அது போதுமாக இருந்தது. செத்துப்போகவில்லை என்றால் நல்லது என்றுதானே அவளுக்குப் பழக்கம். கடல் ஓடத் தொடங்கியது. அவள் வேலைக்குப் போகும்போது ஓர் அலை எழும்பும். திரும்பி வரும்போது அது எங்கோ கரைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அக்டோபர், ஜெபமாலை மாதம். தேவாலயப் பங்கில் மாதா சுரூபம், அதாவது சிலை, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒருநாள் தங்கி, மறுநாள் மாலை அடுத்த வீட்டுக்காரர் வந்து எடுத்துப்போகும்வரை அசைக்கக் கூடாது. அவர்கள் வீட்டு முறை வந்த அன்று உர்சுலா ஷிப்டில் இருந்தாள். ஜெபக்குழுத் தலைவர் இயேசுதாசன் சுரூபத்தை ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார். பின்னால் லிப்ட் லிப்டாக ஆட்கள்.

"எங்கம்மா வைக்கிறது?"

ஹாலில் இருந்ததே ஒரு மேஜை. அதிலும் பிரிஜட் அக்காவின் கண்ணுக்கு உயரமான, சதுரமான, பீடம் போன்ற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"இங்கதான் அண்ணே. தம்பி, அந்த மூடிய எடுங்க."

"அக்கா, அது ஓடிக்கிட்டிருக்கு..." என்றேன்.

"ஓடட்டுமே. யாரு நிறுத்தச் சொன்னது? மாதா என்ன கனமா?"

கழற்றி வைத்திருந்த மூடி பெட்டியின் மேல் ஏறியது. அதன்மேல் அக்கா தன் கையால் பூ வேலை செய்த வெள்ளைத் துணி. அதன்மேல் நீல முக்காடு போட்ட மாதா. மெழுகுவர்த்தி அணைகிறது என்று விசிறியை யாரோ ஜனங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஒதுக்கி வைத்த திரையில் கடல் மட்டும் புள்ளி புள்ளியாக வளர்ந்துகொண்டிருந்தது.

ஜெபமாலையின் மூன்றாவது பத்து மணி, மூன்றாவது காரணிக்கம், நடக்கும்போது உர்சுலா உள்ளே வந்தாள். துணியைப் பார்த்தாள், விசிறியைப் பார்த்தாள், அப்படியே முழந்தாளிட்டாள். எல்லோரும் மாதாவின் முகத்தைப் பார்த்தபோது, அவள் மட்டும் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருள் நிறைந்த மரியே என்று ஹால் முழுக்கக் குரல்கள் ஏறி இறங்க, அதற்கடியில் பெட்டியின் ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆட்கள் போன பிறகு, "அணைச்சிடலாமா?" என்று கேட்டேன்.

அவள் திரையைப் பார்த்தாள். அலை நகர்ந்துகொண்டிருந்தது. "நிக்கலையே அண்ணே. அடுப்புல வச்ச மாதிரிதானே? தாங்கட்டும். ஒரு நாளை விட்டா பிடிக்க முடியாது."

மறுநாள் மாலை மாதா மேல்மாடி வீட்டுக்குப் போனார். உர்சுலா அன்றைய படங்களைத் திறந்தாள். கடலின் மேல் ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகள். நீலத்துக்குள் உப்பை அள்ளித் தூவியதுபோல, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பிரிஜட் அக்கா கைகூப்பிவிட்டார். "நட்சத்திரம்! ஏ உர்சுலா, கடல்ல நட்சத்திரம் விழுந்திருக்குடி. நீயா போட்டே?"

"இல்லக்கா."

"அப்ப யாரு போட்டதுன்னு தெரியுதில்ல?"

உர்சுலா அடுத்த படத்தைத் திறந்தாள். புள்ளிகள் வேறு இடத்தில் இருந்தன. அதற்கடுத்ததில் இன்னொரு இடத்தில். அலை நகர்கிறது, நட்சத்திரங்கள் அலையோடு நகரவில்லை, அவை இஷ்டத்துக்குத் தாவின. பிறகு, ஏதோ தோன்றி, மாதா வருவதற்கு முந்தைய வாரப் படங்களைத் திறந்தாள். அங்கேயும் இருந்தன. ஒன்றிரண்டுதான், அதுவும் மேற்கு வெயில் ஜன்னல் வழியாக மேஜைக்கு வரும் நேரத்துப் படங்களில் மட்டும். வேகத்தை ஏற்றியதிலிருந்து வரைந்த கடலில் எதை நம்புவது என்று தெரியவில்லை.

"நிக்காம தப்புப் பண்ணியிருக்கு அண்ணே" என்றாள் மெதுவாக. "அடுப்பறையில பலகை செத்துச்சா இல்லையான்னுதான் பாப்போம். சரியா கணக்குப் போடுதான்னு வேற ரூம்ல பாப்பாங்க. அந்த ரூமை நான் மறந்தே போயிட்டேன்."

நவம்பருக்கு அதிக நாள் இல்லை. ஒன்பதிலேயே விட்டால் அரை நிமிடக் கடல் முடியும், தாவும் நட்சத்திரங்களோடு. எட்டுக்கு இறங்கினால் புள்ளிகள் போகலாம், ஆனால் பத்து விநாடிக் கடல் வந்தாலே அதிகம். அன்று அவள் சாப்பிடவில்லை. கோப்பியைக்கூட ஆறவிட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து எட்டுக்கான கிறிஸ்டலை மாட்டினாள்.

இந்த முறை சோதனையும் மாறியது. மூடியைப் போட்டாள். அக்காவின் வெள்ளைத் துணியை விரித்தாள். விசிறியை அணைத்தாள். "மாதாவுக்குப் பதிலா வெயிட்டா ஏதாவது குடுங்க அண்ணே" என்று என் ஆங்கிலம் தமிழ் அகராதியை வாங்கி அதன்மேல் வைத்தாள். பிரிஜட் அக்கா மெழுகுவர்த்தியோடு வந்து, "இதையும் ஏத்தணுமாடி?" என்று கேலி செய்தார். "ஏத்துங்க" என்றாள் தங்கை, சிரிக்காமல்.

மேற்கு வெயில் மேஜையில் விழுந்துகொண்டிருக்க, ஒரே அலையை இரண்டு தடவை வரையச் சொன்னாள். இரண்டையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டாள். ஒன்றுகூட மாறவில்லை. இன்னொரு அலை, மறுபடியும் இரண்டு தடவை. மாறவில்லை. அதன்பிறகே மூடியையும் துணியையும் எடுத்துவிட்டு, விசிறியை உள்ளே திருப்பி, கடலை முதலிலிருந்து தொடங்கினாள். இயந்திரத்தால் எவ்வளவு முடியும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். அதற்கு ஒரு படி கீழே, எட்டிலேயே நின்றுகொண்டாள்.

அலையின் கணக்கையும் மாற்றினாள். கடைசி அலை வடியும்போது முதல் அலையின் வடிவத்துக்கே வந்து சேரும்படி செய்தாள். சாகுல் ஹமீது தன் எட்டு மில்லிமீட்டர் சினிமா கேமராவைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, ஒவ்வொரு படமாகப் பிடித்தார். முழு வரிசையையும் மூன்று முறை. "கல்யாணத்துல மாப்பிள்ளை கூட இவ்வளவு நேரம் அசையாம நிக்கல புள்ள" என்று அலுத்துக்கொண்டார்.

ஸ்டூடியோச் சுவரில் ஹலீமா அந்தக் கடலைப் பார்த்தார். இருட்டில் அலை வந்தது, போனது, வந்தது.

உர்சுலாவே முந்திக்கொண்டாள். "மேடம், இது அரை நிமிஷக் கடல் இல்ல. பத்து செகண்டுதான். மூணு தடவை வருது."

"அப்படியா? எங்க சேருது?"

"சொல்லட்டுமா?"

"வேணாம். மறுபடி போடுங்க." இன்னொரு தடவை பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. "உங்க மெஷின் எங்க மெஷினைவிடப் பழசுன்னு கேள்விப்பட்டேன். ஒரு புள்ளிகூட தப்பா இல்லையே. எங்களது மத்தியானம் ஆனா உளறுது. மூணு மாசம் வந்து பாருங்க, பிடிச்சா இருங்க."

அவள் இருந்துவிட்டாள்.

நட்சத்திரம் விழுந்த படங்களில் ஒன்றைப் போட்டோவாக எடுத்து அக்காவுக்குக் கொடுத்தாள். அது மாதா படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டுத் தொங்கியது. வந்தவர்களிடமெல்லாம் அக்கா கதை சொல்வார். உர்சுலா மறுத்ததில்லை.

அடுத்த வருடம் ஜெபமாலை மாதத்தில் மாதா மறுபடி வந்தார். வேறு மேஜை வாங்கும் வசதி வந்திருந்தும் உர்சுலா தானே மூடியைப் போட்டு, வெள்ளைத் துணியை விரித்து, விசிறியை ஜனங்கள் பக்கம் திருப்பினாள். பெட்டியை அணைக்கவில்லை. முழந்தாளிட்டவள் இந்த முறை மாதாவின் முகத்தைப் பார்த்தாள். துணிக்கு அடியில், மெழுகுவர்த்தியின் சூட்டில், அவளுடைய கடல் தன் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.