உவர்த்தரையில் ஓர் அலவாங்கு

எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் அலவாங்கு சாய்ந்து நிற்கிறது. ஐந்தடி இரும்புக் கடப்பாரை. ஒரு முனை தட்டை, மறுமுனை கூர். கூர்முனை நேராக இல்லை, ஒரு பக்கம் சற்று மடங்கியிருக்கிறது. வீடு கூட்டும்போதெல்லாம் தடாரென்று விழுந்து தொலைக்கும். பழைய இரும்பு எடுக்க வருபவனிடம் போட்டுவிடச் சொல்லி மனைவி பல வருடமாகக் கேட்கிறாள். பார்க்கிறவர்கள் கல்லில் குத்தித்தான் மடங்கியிருக்கும் என்று நினைப்பார்கள், நானும் திருத்துவதில்லை. அது மண்ணில் குத்தி மடங்கியது. தேடினாலும் ஒரு கூழாங்கல் கிடைக்காத மண். அந்த மண்ணைப் பற்றி நான் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்த இரண்டு அறிக்கைகளிலும் முழுப்பொய் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த எரிச்சல்தான் இத்தனை வருடமாகியும் அடங்கவில்லை.

யுத்த காலத்தில் நான் இலுப்பைக்கடவைப் பக்கம் விவசாயப் போதனாசிரியராக இருந்தேன். மன்னார்த் தீவில், கடலை நம்பிய குடும்பத்தில் பிறந்தவன். வலையும் வள்ளமும் தெரிந்த அளவுக்கு வயலும் வரம்பும் தெரியாது. மண்ணைப் படித்தது புத்தகத்தில்தான். வேலை நிரந்தரமாகாத காலம் அது. ஒரு குடியேற்றத்துக்குக் காணி பிரித்துக் கொடுக்கப்போகிறோம், மண் அறிக்கை உடனே வேண்டும் என்று எங்கள் அரசாங்கக் கந்தோரிலிருந்து ஆள் வந்தது. இராணுவம் பாதையை எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாததால் முப்பது துண்டுகளையும் ஒரே பகலில் பார்த்து முடித்தேன். மண்வெட்டியால் ஒரு கொத்து, பைக்குள் ஒரு பிடி மண், அடுத்த துண்டு. சாம்பல் நிறத்தில், மணல் கலந்து, கையில் மெதுமெதுவென்று இருந்தது. பரிசோதித்தால் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. எல்லாத் துண்டுக்கும் ‘பயிர்ச்செய்கைக்கு உகந்தது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அதில் கடைசித் துண்டு, தாழ்ந்த பக்கமாக இருந்த இரண்டு ஏக்கர், தோட்டத்து அக்காவுக்குப் போனது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் என்பதால் ஊரில் அவருக்கு அந்தப் பெயர். கலவரத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்தை எரித்தபோது குடும்பத்தோடு இங்கே ஓடிவந்தவர். வந்த இரண்டாம் வருடம் கணவர் மலேரியாவில் போய்விட்டார். தோட்டத்தில் கன்று வைக்கக் குழி போடுவதுதான் அந்தக் கணவருடைய வேலை. வீடு எரியும்போது அந்த மனிதர் சட்டி பானையை விட்டுவிட்டு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அக்கா சிரிப்பார். இரண்டு பெண் பிள்ளைகளோடு கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவருக்குத் தன் பெயரில் கிடைத்த முதல் நிலம் அது. அனுமதிப்பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாதா படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில் மாட்டியிருந்தார். மாதா படம் கரையில் இருந்த ஒரு வள்ளக்காரச் சம்மாட்டி வீட்டில் கொடுத்தது. இரண்டு காலபோகத்துக்குள், அதாவது இரண்டு மாரி விதைப்புக்குள், விளைச்சல் காட்டாவிட்டால் காணி பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போகும் என்ற நிபந்தனை அந்தப் பத்திரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

மாரி மழை தொடங்கியதும் மற்றவர்களின் வயலில் தண்ணீர் இறங்கியது. அக்காவின் வயலில் நின்றது. நாட்கணக்காக நின்று பால் தேத்தண்ணீர் நிறத்தில் கலங்கியே கிடந்தது, தெளியவில்லை. நாற்று ஒரு சாண் வந்து, நுனி கருகி, சிவந்து, படுத்துவிட்டது. வெயில் வந்ததும் தரை பாளம் பாளமாக வெடித்து வெள்ளையாகப் பூத்தது. அவர் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது அலவாங்கை எடுத்து ஓங்கிக் குத்தினார். ஒரு சாண் ஆழம் வரை வெண்ணெயில் போவதுபோலப் போனது. பிறகு ணங் என்று நின்றது.

குழியைத் தோண்டிப் பார்த்தபோதுதான் புத்தகத்தில் படித்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. மேலே ஒரு சாண் நல்ல மண். அதன் கீழே தூண் தூணாக, தலை உருண்டு, இறுகிப்போன களி. உவர் ஏறிய களி. காய்ந்தால் இரும்பு, நனைந்தால் கூழ். எப்படி இருந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீரைக் கீழே விடாது, ஒரு வேரையும் உள்ளே எடுக்காது. நான் பரிசோதித்தது அதன் மேல்சட்டையை. உடம்பை நான் தொடவே இல்லை. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. விளங்கிய மறுநிமிடம் என் வாயிலிருந்து வந்தது, விதைப்பு பிந்திவிட்டது அக்கா, அடுத்த போகம் நேரத்தோடு விதையுங்கள் என்பதுதான். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பிழையைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த மண்ணுக்கு மருந்து உண்டு. ஜிப்சம் போட்டு, வாய்க்கால் வெட்டி, மழைத்தண்ணீரால் உவரைக் கழுவி வெளியேற்ற வேண்டும். மன்னாரில் அலைந்து பத்து மூடை ஜிப்சம் பிடித்தேன், கட்டட வேலைக்கென்று சுட்டு அரைத்த வகைதான் கிடைத்தது. சோதனைச்சாவடியில் அது வெள்ளை மா, அவ்வளவுதான். யுத்தத் தடையால் சீமெந்து அந்தப் பக்கம் போகக்கூடாது, உரம் போகக்கூடாது. இது இரண்டும் இல்லை, மண்ணுக்கு மருந்து என்று தமிழிலும், தெரிந்த சிங்களத்திலும், தெரியாத ஆங்கிலத்திலும் சொன்னேன். ஒரு சிப்பாய் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் குழைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றான். சனியன், அது இறுகியது. மூடைகளை இறக்கிவிட்டார்கள். கடிதம் கொண்டு வா என்றார்கள். கடிதத்தோடு போனால் அதில் இன்னொரு கையெழுத்து வேண்டும் என்றார்கள். அந்தக் கையெழுத்து கிடைத்த கிழமை பாதையே மூடிவிட்டது. நாலு மாதம் தீவுக்குள் கிடந்தேன். மூடைகள் சாவடி ஓரத்தில் மழையில் நனைந்து கல்லாகிப் போயின.

பாதை திறந்ததும் முதல் வேலையாக அக்காவின் வயலுக்குத்தான் போனேன். தூரத்திலேயே கண் கூசியது. இரண்டு ஏக்கரும் வெள்ளை வெளேரென்று கிடந்தது. அக்கா வரம்பில் நின்று, நாலு மாதமாகக் காணாதவனை வரவேற்கும் முகத்தோடு கையை அசைத்தார்.

தோட்டத்தில் தேயிலையைக் கவ்வாத்து வெட்டி முடித்ததும் மலை முழுக்கச் சுண்ணாம்பு தூவுவார்கள். மலையின் மண் புளித்த மண், அதற்கு அதுதான் மருந்து. சின்னப் பிள்ளையில் இருந்தே அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, மண் படுத்தால் சுண்ணாம்பு. நான் வரவில்லை என்றதும் அவருக்குத் தெரிந்த வைத்தியத்தை அவர் செய்திருக்கிறார். கரைக்குப் போய்ச் சிப்பியும் மட்டியும் பொறுக்கி, கொழுந்துக் கூடையைப்போல் நெற்றியில் கயிறு கொடுத்து முதுகில் சுமந்து வந்திருக்கிறார். கரைச்சனம் அதை வேடிக்கை பார்த்துச் சிரித்ததாம். பிறகு விறகு அடுக்கிச் சூளை வைத்துச் சுட்டு, நீற்றி, கை வெந்து, தோல் உரிய, பிள்ளைகளோடு சேர்ந்து இரண்டு ஏக்கருக்கும் தூவியிருக்கிறார். புளிப்பே இல்லாத உவர் மண்ணுக்கு, காரத்தை ஏற்றும் நீற்றின சுண்ணாம்பு! நெருப்பில் நெய் ஊற்றிய கதை. இனி அந்த ஒரு சாண் நல்ல மண்ணும் இல்லை.

நான் கத்தினேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். “ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்? ஆர் உங்களுக்குச் சொன்னது?” என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பிள்ளைகள் தாயின் பின்னால் ஒளிந்தார்கள். அவர் வெந்த கைகளைச் சேலையில் மறைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

“யாரக் கேக்குறதுங்க ஐயா? நீங்கதான் வரலயே.”

இரண்டாவது காலபோகமும் போயிற்று. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. தண்ணீரைக் கீழே விடாத மண் என்றால் தண்ணீரைப் பிடித்து வைக்கும் மண்தானே என்று, தாழ்ந்த மூலையில் அலவாங்கால் தோண்டத் தொடங்கினார். அலவாங்கு மடங்கியது அப்போதுதான். ஒரு போகம் முழுக்கத் தோண்டிய குழியில் வைகாசி வரைக்கும் தண்ணீர் நின்றது. மேட்டுக்காணிக்காரர்கள் வாளியால் அள்ளிப்போய் மிளகாய்க்கு ஊற்றினார்கள். ஊர் ஆடு மாடெல்லாம் அங்கேதான் குடித்தது. மண்ணை நான்கு வருடம் படித்த எனக்கு அது தோன்றவில்லை. என்னிடம் வந்து, “இதயும் ஒரு வெள்ளாமைனு எழுதுங்க ஐயா, பெர்மிட்டு போயிறாது” என்று கேட்டார். படிவத்தில் அதற்கு இடமில்லை என்று சொன்னேன். அது உண்மை. நெல், மேட்டுப்பயிர், தென்னை என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன.

செய்வதற்கு ஒன்று இருந்தது. என் முதல் அறிக்கை பிழை, நான் ஒரு சாணுக்குக் கீழே பார்க்கவில்லை, இந்தக் குடும்பத்துக்கு மாற்றுக் காணி கொடுக்க வேண்டும் என்று ஒரு கடிதம். அரைப் பக்கம் போதும். அப்படி மாற்றுக் காணி கொடுக்க விதி இருந்தது, நிலமும் இருந்தது. அந்த மாதம்தான் என் நியமனத்தை நிரந்தரமாக்கும் கோப்பு மேலே போயிருந்தது. மேசைக்கு முன்னால் இரண்டு நாள் இருந்து யோசித்தேன். மூன்றாம் நாள், ‘காணிக்காரர் முறையற்ற விதத்தில் சுண்ணாம்பு இட்டதால் நிலம் பயனற்றுப் போயிற்று’ என்று எழுதி அனுப்பினேன். அதுவும் உண்மை. அவருடைய பத்திரம் போனது, என்னுடைய நியமனம் வந்தது.

பிள்ளைகளையும் மூட்டையையும் வீதியில் நிறுத்திவிட்டு அவர் கந்தோர் வாசலுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து, பதில்களைத் தயார்செய்துகொண்டு எழுந்தேன். அவர் உள்ளே வரவில்லை. அலவாங்கைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“இனிமே ஒருத்தருக்குக் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால, இதால ஒரு குத்துக் குத்திப் பாத்துட்டுப் போடுங்க, தம்பி.”

அதுவரை ஐயா என்றுதான் கூப்பிட்டவர். நான் ஆழம் பார்க்காமல் கையெழுத்து வைத்தது முதலிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு முசலிப் பக்கம் கூலிக்குப் போவதாகப் பிள்ளைகளில் ஒருத்தி சொன்னாள். பிறகு சண்டை பெருகி எல்லாச் சனமும் எல்லாத் திசையிலும் சிதறியது. யுத்தம் முடிந்தபின் முசலியிலும் மறிச்சுக்கட்டியிலும் விசாரித்துப் பார்த்தேன். மலைநாட்டிலிருந்து வந்த அப்படி ஒரு பெண்ணை யாருக்கும் நினைவில்லை. பழைய வயலுக்கும் போனேன். இரண்டு ஏக்கரும் உவர்ப்புல்லாகக் கிடந்தது. மூலையில் அந்தக் குழி மட்டும் தண்ணீரோடு இருந்தது, ஆடுகள் குடித்துக்கொண்டு நின்றன. அரைப் பக்கக் கடிதத்தை அதற்குப் பிறகு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் கோப்பே இப்போது இல்லை என்றார்கள்.

அவர் சொன்னதை நான் கேட்டு நடந்தேன். அதன்பின் எந்த நிலத்துக்கும் அலவாங்கு இல்லாமல் போனதில்லை. கந்தோரில் எனக்கு ‘அலவாங்கு ஐயா’ என்றே பெயர் வைத்தார்கள். ஓய்வுபெறும் நாளில் மேடையில் ஏற்றி, ஆழம் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவர் என்று புகழ்ந்தார்கள். நான் மாலையைப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

போன கிழமை மகன் வேலிக்குக் கதியால் தடிகள் நட அலவாங்கை எடுத்துப்போனான். பெருநிலப்பரப்பில், உத்தியோகத்தர்களுக்கு என்று கிடைத்த அரை ஏக்கர்தான் எங்கள் வளவு. நான் படிக்கட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மடங்கின முனையோடும் அது முழங்கை ஆழத்துக்கு எங்கும் தட்டுப்படாமல் இறங்கியது. “என்ன மண் அப்பா இது, போட்டவுடன போகுது. எப்பிடிப் பாத்து எடுத்தனீங்கள்?” என்றான்.

மூன்று துண்டு காட்டினார்கள். மூன்றிலும் அந்த அலவாங்கால் குத்திப் பார்த்துத்தான் இதை எடுத்தேன்.