மூலையில் இருந்த எண்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். தோற்றது ஒன்றே ஒன்றுதான். அது பின்னால் வரும்.

ஏழாம் மாதத்தில் பிறந்து பிழைத்தாள். ஒன்பது வயதில் இடது கைச் சுண்டுவிரல் கதவிடுக்கில் நசுங்கியது. இனி மடங்காது என்றார்கள், மடங்கியது. மேல்மாடிக்காரர் காலி செய்தபோது குப்பையோடு விட்டுப்போன வயலினை, மூன்றே கம்பிகளோடு கிடந்ததை, துடைத்தெடுத்து வாசிக்கக் கற்றுக்கொண்டாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆசிரியர் என்று ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. சத்தம் கேட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று சொன்ன வீட்டுக்காரரையும் ஜெயித்தாள்: கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டில் துணிக் கிளிப்புகள் மூன்றை மாட்டி ஓசையைக் கொசு முனகுவதுபோல் ஆக்கிவிட்டாள். இரண்டு வருடம் கழித்து அவரே வந்து, பாப்பா ஏன் இப்போதெல்லாம் வாசிப்பதே இல்லை, ஆசைக்குக் கொஞ்சம் வாசிக்கச் சொல்லுங்கள் என்று அம்மாவிடம் கேட்டார். அந்த நேரத்திலும் உள்ளே வாசித்துக்கொண்டுதான் இருந்தாள். கிளிப்புகளைக் கழற்றி நான்கு மாதம் ஆகியிருந்தது. அவருக்குத்தான் காது மந்தமாகியிருந்தது.

கடைசியாக ஒன்று. இசைக் கல்லூரியின் இலவச இடத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வீடியோ அனுப்பினார்கள். ஒன்பது பேரை நேரில் கூப்பிட்டார்கள். அந்த ஒன்பதில் அவள் ஒருத்தி.

வீட்டில் அவளுக்கு நண்டு என்று பெயர். துணி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் பக்கவாட்டாக நடந்தே வளர்ந்தவள். நான் அவளைவிடப் பத்து வயது மூத்தவன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு லேத் பட்டறைக்குப் போனவன். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. எங்கள் மூன்று பேரில் யாருக்கும் இசை என்றால் என்னவென்று தெரியாது. அதனால் அவள் கேட்டதையெல்லாம் போனில் தேடிக் கொடுப்பது என் பொறுப்பாயிற்று.

அந்தப் போன் எங்கள் மேஸ்திரி கொடுத்தது. அவர் மகன் ஒரு பாட்டுக் குழுவில் கிட்டார் வாசித்தவன். புதுப் போன் வந்ததும் பழையதை அப்படியே என்னிடம் தள்ளிவிட்டார்கள். வலது மேல் மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. ஆனால் உள்ளே அவன் வைத்திருந்த இசைச் செயலிகள் எல்லாம் இருந்தன. எங்களுக்கு அது புதையல்.

எதையும் நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். முதல் நாள் பக்கம் இப்போதும் இருக்கிறது. "ட்யூனர்: கம்பியை மீட்டினால் முள் ஆடும், சரியானால் பச்சை. மெட்ரோனோம்: டக் டக் என்று தாளம் தட்டும். வேகம் குறைக்கும் செயலி: எந்தப் பாட்டையும் மெதுவாக்கலாம், சுருதியையும் ஏற்றி இறக்கலாம்." ட்யூனருக்கு எதிரே 415 என்று குறித்திருக்கிறேன். விரிசலுக்கு அடியில் பொடி எழுத்தில் அந்த எண் தெரிந்தது. செயலியின் பதிப்பு எண் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றையும் விடக்கூடாது என்பதற்காக அதையும் எழுதினேன்.

அடுத்தடுத்த பக்கங்களில் மற்றவை வந்து சேர்ந்தன. நோட்டேஷன் தாள்களை இலவசமாக இறக்கிக்கொள்ளும் தளம். எந்த விரல் எங்கே என்று காட்டும் படம். அதை அச்செடுத்து பீரோ கதவில் ஒட்டினேன். தன் சமையலறையில் நின்றுகொண்டு நூற்று நாற்பது பாடம் நடத்தியிருந்த ஒரு அம்மாள். எப்போதும் மஞ்சள் ஸ்வெட்டர்தான். நண்டு அவளை மஞ்சளக்கா என்பாள். பாடத்தின் கீழே சந்தேகம் கேட்க ஒரு பகுதி இருந்தது. பதினெட்டு வயது ஆகாமல் கணக்குத் திறக்க முடியாது என்பதால் எல்லாம் என் பெயரில் போயிற்று. கம்பியை அழுத்தும்போது சுண்டுவிரல் வலிக்கிறது என்று இவள் கேட்டதற்கு, யாரோ ஒரு நல்ல மனிதர், இந்த வயதில் ஆரம்பித்திருக்கிறீர்கள் சார், மூட்டுவலி இருக்கத்தான் செய்யும், மனம் தளராதீர்கள் என்று பதில் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் என்னை சார் என்றுதான் கூப்பிட்டாள்.

இரண்டாவது வாரம் நடந்ததை மட்டும் நான் நோட்டில் எழுதவில்லை. மஞ்சளக்காவோடு சேர்ந்து வாசிக்க உட்கார்ந்தவள் வில்லைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, அவங்க வாசிக்கிறது வேற மாதிரி கேக்குது. நம்மளது கொஞ்சம் கீழ இருக்கு."

நான் கம்பியை மீட்டிப் பார்த்தேன். பச்சை.

"மீட்டர் பச்சை காட்டுது, நண்டு. உன் காதை நம்பறதா, மீட்டரை நம்பறதா?"

"அப்ப அவங்க தப்பா?"

"அவங்க வயலின் பழசோ என்னவோ."

பட்டறையில் எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதுதான். கண்ணை நம்பாதே, கையை நம்பாதே, அளவுக் கருவியை நம்பு. அப்படி நம்பித்தான் ஒரு தலைமுடிக் கனம் பிசகாமல் பன்னிரண்டு வருடமாகக் கடைந்துகொண்டிருக்கிறேன். அதனால் வேகம் குறைக்கும் செயலியில் மஞ்சளக்காவின் சுருதியை அரைப் படி இறக்கினேன். உடனே இரண்டும் ஒட்டிக்கொண்டன. பார்த்தாயா என்றேன். அவளும் தலையாட்டினாள். அதன் பிறகு நூற்று நாற்பது பாடத்தையும் அப்படி இறக்கி, சேமித்து வைத்தே கொடுத்தேன். காதுப் பயிற்சிக்கு ஒரு செயலி இருந்தது. அது ஒரு சுரத்தை வாசிக்கும், பெயரை நாம் சொல்ல வேண்டும். இவள் சொன்ன ஒவ்வொன்றையும் தவறு என்றது. ஓட்டைச் செயலி என்று என் பெயரில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு அழித்தேன்.

ஐந்து வருடத்துக்கு மேல் ஓடியது. அவள் காது எப்படிப்பட்டதென்றால், நான் சைக்கிளை நிறுத்தும்போது பிரேக் எந்தச் சுரத்தில் கத்தியது என்று உள்ளே இருந்தே சொல்வாள். அம்மா பாத்திரம் கழுவினால் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வாள். "ஏண்டி, கழுவ வர்றியா, பேர் வைக்க வர்றியா?" என்பாள் அம்மா.

கல்லூரித் தேர்வு அக்டோபரில். பதினெட்டு நிரம்பினால் இலவச இடம் கிடையாது, அவளுக்கு நிரம்ப ஒரு மாதம் பாக்கி. அதாவது இதுதான் முதல் தடவை, இதுதான் கடைசியும். வீடியோவில் தனியாக வாசித்தவள், நேரில் பியானோவோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. படித்து, நோட்டில் சரி என்று குறியிட்டேன்.

வராந்தாவிலேயே போனை வைத்துச் சுருதி சேர்த்தாள். பச்சை. உள்ளே கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு அம்மாள் பியானோவில் உட்கார்ந்திருந்தார். கடைசி பெஞ்சில் நான். அந்த அம்மாள் ஒரு கட்டையை அழுத்தினார். "கம்பி இறங்கிப்போச்சும்மா, ஏத்திக்க" என்றார். தங்கை ஏற்றினாள். ஏற்ற ஏற்ற அவள் முகம் கசந்தது.

மூன்று வரி வாசித்தாள். விரல்கள் வைத்த இடத்தில் நிற்காமல் பின்னால் வழுக்கின. பழகிய ஓசையைத் தேடிப் போகின்றன என்று எனக்கு அப்போது தெரியவில்லை. நான்காவது வரியில் நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். அதே இடத்தில் நின்றாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் காதுச் சோதனைக்குப் போனார். ஒன்பது சுரம் வாசித்தார். தங்கை தயங்காமல் ஒன்பது பெயர் சொன்னாள். ஒன்பதும் தவறு.

அந்த அம்மாள் தாளில் எதையும் எழுதாமல் அவளையே பார்த்தார்.

"ஒம்போதும் ஒரே தப்பு. எல்லாமே சரியா அரைப் படி தள்ளி. எதை வச்சும்மா சுருதி சேக்கிற?"

தங்கை போனை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரிசலுக்கு அடியில் பார்த்தார்.

"நானூத்திப் பதினஞ்சு. இங்க எல்லாரும் நானூத்தி நாப்பதும்மா. இந்த எண்ணுக்கு எல்லாக் கம்பியும் அரைப் படி கீழ இருந்தாத்தான் பச்சை காட்டும். யாரு மாத்துனது?"

மேஸ்திரி மகனாக இருக்கும். உயரம் எட்டாத பாடகனுக்காகச் சுருதியை இறக்கி வைத்திருப்பான். இதைச் சொல்ல எழுந்தவன், மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"உன் காது அபாரம். அதுதான் வினையாப் போச்சு. சாதாரணக் காதா இருந்தா இன்னைக்கு எப்படியாவது ஒப்பேத்தியிருப்ப" என்றார். மாற்றிக்கொள்ள எவ்வளவு நாள் ஆகும் என்று தங்கை கேட்டாள். இரண்டு வருடம் ஆகலாம், சிலருக்கு மாறாமலே போகலாம் என்றார். மறைக்காமல் சொன்னார்.

பஸ்ஸில் அவள் ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள்.

"ரெண்டாவது வாரமே சொன்னேன், அண்ணா."

அதற்குப் பிறகு இன்றுவரை அதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எங்கள் பட்டறையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து அளவுக் கருவிகளையே அளந்து பார்த்து முத்திரை ஒட்டிவிட்டுப் போவார். அவருக்கு நாற்காலி எடுத்துப் போடுவதே நான்தான். போனுக்கு அப்படி ஒரு ஆள் வேண்டும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

எண்ணை 440 ஆக்கிவிட்டு ஐந்து வாரம் முயன்றாள். தனக்குத் தெரிந்த பாட்டு ஒவ்வொன்றும் யாரோ வேறு ஒருத்தி வாசிப்பதுபோல் இருக்கிறது என்றாள். பிறகு பெட்டியை மூடினாள். இப்போது எங்கள் பட்டறையிலேயே பேரிங் அடுக்குகிறாள், பெட்டிக்குப் பன்னிரண்டு. லேத் கத்தும்போது முன்பெல்லாம் அதற்கும் ஒரு பெயர் சொல்லியிருப்பாள். இப்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறாள்.

பிறந்த நாளுக்கு மறுநாள் என் நோட்டைக் கேட்டாள். மாலை முழுவதும் உட்கார்ந்து, ஆசிரியர் இல்லாமல் வயலின் கற்பவர்களுக்கு எவையெல்லாம் உதவும் என்று ஒரு பட்டியல் தயாரித்தாள். தாள் கிடைக்கும் தளம், மஞ்சளக்காவின் பாடங்கள், மெட்ரோனோம், தன் வாசிப்பைப் பதிவு செய்து மறுநாள் கேட்கும் முறை, துணிக் கிளிப்பு. நாங்கள் அழித்த செயலியின் பெயரும் இருந்தது: அது சரியாகத்தான் சொன்னது என்று பக்கத்தில் எழுதியிருந்தாள். ஆனால் முதல் வரி வேறு.

"ட்யூனர் மூலையில ஒரு எண் இருக்கும். முதல்ல அது 440ஆன்னு பாருங்க. உங்க காது வேற சொன்னா, மீட்டரைச் சந்தேகப்படுங்க."

மஞ்சளக்காவின் பாடத்துக்குக் கீழே என் கணக்கிலேயே போட்டுவிடலாமா, அங்கே என்னைப் பல பேருக்குத் தெரியுமே என்றேன்.

"வேணாம். எனக்குத்தான் பதினெட்டு ஆயிடுச்சே" என்றாள்.

புதுக் கணக்குத் திறந்தாள். பட்டியலை மூன்று தடவை படித்துப் பார்த்து, கடைசியில் தன் முழுப் பெயரை எழுதினாள். அதற்கு முன் அவள் எழுதியது ஒன்றின் கீழும் அந்தப் பெயர் இருந்ததில்லை. இதை நான் எழுதும்வரை அதற்கு யாரும் பதில் போடவில்லை. பெட்டியும் திறக்கவில்லை. என் நோட்டில் கடைசிப் பக்கத்தில், அவள் பெயருக்கு எதிரே, தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன்: 2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை.